மிஞ்சின வாத்தின் பெயர்

1

விடிவதற்கு முன்பே துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. நவம்பர் கடைசியில் இங்கே வாத்து சீசன் திறக்கிறார்கள். நம்மூரில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதிரி, நாள் குறித்து, நேரம் குறித்து, ஊர் முழுக்க அதே பேச்சாகத் திறக்கிறார்கள். அறுத்து முடித்த நெல்வயல்களில் தண்ணீரைக் கட்டிவைத்து, வரப்பு ஓரத்தில் தட்டி மறைப்புக்குள் உட்கார்ந்துகொண்டு சுடுகிறார்கள். ஆர்கன்சாவில் நெல் விளையும் என்று நான் வரும்வரை எனக்கே தெரியாது. சேத்தியாத்தோப்பு பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற மாதிரியே வயல். ஆட்கள்தான் இருக்க மாட்டார்கள்.

காபிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிய வாடை வந்த பிறகுதான் அணைத்தேன். பயப்பட ஒன்றுமில்லை. இந்த ஒரு வருடமாக நான் இப்படித்தான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். கையைக் கிள்ளினால் வலிக்கிறது. மற்றபடி ஒன்றும் தெரிவதில்லை.

வருகிற சனிக்கிழமை என் மனைவி லூர்துவுக்கு வருஷப் பூசை. அதைக் கேட்கத்தான் அவளுடைய அண்ணன் சவரி விருத்தாசலத்திலிருந்து போன் செய்தார். அங்கே தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிறார்.

“மாப்ள, பூசை முடிஞ்ச கையோட ஒரு முடிவு சொல்லிடு. ஒண்டி ஆளா என்னால பட்டறையப் பாக்க முடியல. நீ வந்து சூளையப் பாத்துக்கிட்டா எனக்குப் பாதி பாரம் கொறையும். இல்லன்னா வேற ஆளப் போடணும்.”

“யோசிக்கறேன் மச்சான்.”

“ஒரு வருஷமாத்தான் யோசிக்கிற. அங்க ஒக்காந்துக்கினு இன்னாய்யா பண்ற? சொல்லு, இன்னா பண்ற?”

“லூர்து இங்க இருக்குது மச்சான்.”

  அவர், “சரி, வெச்சிடறேன்” என்றார்.

நான் சொன்னது நாடகப் பேச்சு இல்லை. அவளை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறோம், ஊருக்கு வெளியே, கோயில் கல்லறையில். நானும் கிளம்பிப் போய்விட்டால் இந்த ஊரில் அவள் பெயரைச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. என்னைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.

2

பெயர் என்றவுடன் ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது.

பாஸ்போர்ட் எடுக்கும்போது நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் லூர்துவும் செய்தாள். பெயர் எழுதுகிற கட்டத்தில் லூர்துமேரி என்று முழுசாக எழுதிவிட்டு, குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். நமக்கு ஏதய்யா குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று, அதுவும் ரேஷன் கார்டுக்கு. ஆனால் இந்த நாட்டில் காலிக் கட்டம் செல்லாது. லூர்துமேரியைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்து, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று விசாவில் அடித்துவிட்டார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாம். எனக்கு அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருந்ததால் தப்பித்தேன். மகன் ஜெரோம் என் பெயரைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான்.

அதற்குப் பிறகு அவள் எதைத் தொட்டாலும் அந்த மூன்று எழுத்து முன்னால் வந்து நின்றது. கார் லைசென்ஸ், நூலக அட்டை, இன்சூரன்ஸ். மாற்ற வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டும், அதற்கு விசாவை மாற்ற வேண்டும், அதற்கு என் கம்பெனி வக்கீல் மனது வைக்க வேண்டும். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிற பெண் அட்டையைப் பார்த்து “ஃபனூ?” என்று கூப்பிடுவாள். இவள் எழுந்து போவாள்.

“இன்னாங்க இது, வாந்தி எடுக்க வர்ற மாதிரி ஒரு பேரு” என்று காரில் வரும்போது சிரிப்பாள்.

நான் வேலை செய்வது கழிப்பறைக் கோப்பை செய்கிற தொழிற்சாலை. ஊரில் கேட்டவர்களிடம் ‘சானிட்டரி வேர்’ என்றுதான் சொல்லி வைத்திருந்தேன், கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று. சவரி மச்சான்தான் “கக்கூசு கோப்பையா மாப்ள?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுத் தொலைத்தார். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்தபோது பார்த்த அதே களி, அதே அச்சு, அதே சூளை. அளவுதான் பெரிது. ராயப்பன் என்ற என் பெயர் இரண்டாம் நாளே ‘ரே’ ஆகிவிட்டது. ஜெரோம் பள்ளியில் ‘ஜெர்ரி’ ஆனான். லூர்து ‘லூ’ ஆனாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரியாவது இருக்கிறது என்பாள்.

3

முதல் வருடக் குளிர்காலத்தில் டேல் ஒரு பையைக் கொண்டுவந்து எங்கள் வாசல்படியில் வைத்தான். டேல் என்னோடு சூளையில் வேலை செய்கிறவன், பக்கத்து வயல் ஓரத்தில் வீடு. பையைத் திறந்தால் வாத்துகள். காலில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. சுட்ட பறவையை இன்னொருவருக்குக் கொடுத்தால் சுட்டவன் பெயரும் விலாசமும் கையெழுத்தும் தேதியும் எழுதிக் கட்ட வேண்டும் என்று இங்கே சட்டம். அதற்குக் கீழே அவன் ‘லூ-வுக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். அது சட்டத்தில் இல்லை, அவனாக எழுதியது.

எனக்கு வாத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்த வாத்து, பட்டறையில் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுக்கிற பீங்கான் வாத்துதான். மூக்கு மஞ்சள், கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. ஆயிரம் செய்தாலும் ஒரே வாத்து. இங்கே வந்த பிறகுதான் ஒவ்வொரு வாத்துக்கும் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கிற பெயர்களைக் கேட்டு அசந்துபோனேன். புத்தகத்தில் மல்லார்ட் என்று இருக்கும். இவர்கள் வாயில் அது பச்சைத்தலை. இன்னொன்றுக்கு மூக்கில் வளையம் இருக்கும், இவர்களுக்கு அது பிளாக்ஜாக். உருண்டையாகக் குட்டியாக ஒன்று வரும், அது வெண்ணெய் உருண்டை. ஊசி மாதிரி வால் நீண்டது ஸ்ப்ரிக். தெற்கே லூசியானா எல்லையிலிருந்து வருகிற டேலின் சித்தப்பா மகன் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் சொல்வான், பாதி பிரெஞ்சில். அவர்கள் இருவரும் ஒரே வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பையில் இருந்த வாத்துக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பெயர். ஸ்பூன்பில், சிரிக்கிற மல்லார்ட், ஹாலிவுட் மல்லார்ட். தூரத்தில் பறக்கும்போது பச்சைத்தலை மாதிரியே இருக்குமாம். ஆசையாகச் சுட்டு, நாய் கவ்விக்கொண்டு வந்து போட்ட பிறகு பார்த்தால் கரண்டி மாதிரி அகலமான அலகு. சேறு வாடை அடிக்கும், யாரும் தின்ன மாட்டார்கள். அதை வைத்து ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்ளத்தான் இத்தனை பெயர்.

இதெல்லாம் எனக்குத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் தெரியவந்தது. கூட வேலை செய்கிற ஒருத்தன் கேட்டான், “ரே, அந்த ஸ்பூன்பில்லை நிஜமாகவே சாப்பிட்டீர்களா?” மேசை முழுக்கச் சிரித்தது. டேலும் சிரித்தான்.  வீட்டுக்கு வந்து லூர்துவிடம் கத்தினேன்.

“குப்பையில போடறத நமக்குக் கொண்டாந்து குடுக்கறான் அவன். நீ அதக் கழுவி மசாலா போட்டு ஆக்குற. இனிமே அந்தப் பைய வாங்காத.”

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“எனக்கும் தெரியும். பாத்தவொடனே தெரியும், ஆப்பவாயன்னு.”

“தெரிஞ்சேவா வாங்குன?”

“ஏன், வாங்குனா இன்னா? கொண்டாரச் சொல்லுங்க. இன்னம் இருந்தாலும் கொண்டாரச் சொல்லுங்க.”

4

லூர்துவின் அப்பா சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கிற இடத்தில் ஓட்டல் வைத்திருந்தார். முன்பக்கம் மீன் சாப்பாடு, கறிச் சாப்பாடு. மார்கழி, தை மாதங்களில் பின்பக்கம் வேறு வியாபாரம். பக்கத்து ஏரிக்கு வலசை வருகிற பறவைகளை வலைபோட்டும் சுட்டும் பிடிக்கிற ஆட்கள் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் தட்டுவார்கள். அது கூடாத காரியம், பிடிபட்டால் உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் பிடிக்க வேண்டிய அதிகாரிகளே வந்து கேட்பார்கள். வாத்து என்ற வார்த்தையைக் கடையில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். “ஊசிவாலு வந்திருக்குதா?” என்பார்கள். “கிளுவ இருந்தா ஒரு பிளேட்டு” என்பார்கள், அது குட்டி வாத்து. நெற்றியில் வெள்ளை தீட்டியது நாமக்கோழி. பறக்கும்போது விசிலடிக்கிறதுக்குச் சீட்டிக்காரன் என்று பெயர். சாப்பிட வந்த வெளியூர்க்காரனுக்கு ஏதோ ஊர் ரவுடிகளின் பட்டப்பெயரைச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அகப்பை மாதிரி அலகு இருப்பது ஆப்பவாயன். அதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அங்கேயும் அதேதான், சேறு வாடை. வேட்டைக்காரர்கள் மற்றதோடு சேர்த்துத் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். விற்காமல் மிஞ்சும். கடை மூடியபின் லூர்துவின் அப்பா அதை வீட்டுக்கு எடுத்துவருவார்.

“நாங்க தின்னதெல்லாம் அதாங்க” என்று அன்றைக்கு வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். “ஊசிவாலு எப்பிடி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தோல உரிச்சிட்டு, மஞ்சளும் உப்பும் போட்டுப் பெசறி, புளி கரைச்சி ஊத்தி, மொளவு தூக்கலா போட்டு அம்மா வெப்பாங்க. அப்பவும் வாடை லேசா இருக்கும். அந்த வாடை இருந்தாத்தான் அது எங்க வூட்டுக் கொழம்பு. அந்தாளு கிண்டலுக்குக் குடுத்தா எனக்கின்னா? கொண்டாரட்டும்.”

நானும் தின்றேன். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஏரியை வாயில் ஊற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளும் ஜெரோமும் எலும்பை உறிஞ்சினார்கள்.

அடுத்த நாள் டேலுக்கு ஒரு டப்பாவில் குழம்பு கொடுத்து அனுப்பினாள். அவன் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வழியத் தின்றதை ஊர் முழுக்கச் சொன்னான். அதற்கப்புறம் ஒவ்வொரு சீசனிலும் வாசலில் பை வந்தது. டேல் மட்டும் இல்லை, அவன் தம்பி, கோயிலுக்கு வருகிறவர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள். எல்லாப் பையிலும் ஆப்பவாயன், எல்லாக் காலிலும் சீட்டு, எல்லாச் சீட்டிலும் ‘லூ-வுக்கு’. கிண்டல் எப்போது நின்றது, பழக்கம் எப்போது ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஃப்ரீசரில் கோழி வைக்க இடமில்லை.

5

அவள் இறந்ததைப் பற்றி நீட்டி எழுத எனக்கு வரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மத்தியானம் இல்லை. பாதி மடித்த போர்வை கட்டிலில் கிடந்தது. அதை யார் மடித்து வைத்தார்கள் என்று தெரியாது.

அப்புறம் காகிதங்கள். இறப்புச் சான்றிதழ், இன்சூரன்ஸ், வங்கி. அவளுடைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விதிப்படி செய்தார்கள், நான் குறை சொல்லவில்லை. உறையைப் பிரித்துப் பார்த்தேன், மேசை இழுப்பறையில் வைத்தேன், இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமா செய்தேன். அழவேண்டிய இடங்களையெல்லாம் இப்படித்தான் தாண்டி வந்தேன். அடக்கத்தன்று சவரி மச்சான் போனில் ஓவென்று அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

கல்லறையில் வைக்கிற கல்லைத் தொழிற்சாலை ஆட்கள் கொடுத்தார்கள். டேல் எல்லோரிடமும் பணம் திரட்டி, நல்ல சாம்பல் கிரானைட்டில், எனக்குத் தெரியாமல் செய்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பெயர் தப்பாகிவிடக் கூடாது என்று சான்றிதழ் நகலைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து வெட்டியிருந்தார்கள்.

எஃப்.என்.யூ. லூர்துமேரி.

அது இந்திய இனிஷியல் என்று நினைத்துக்கொண்டார்களாம். நம்மூரில் பெயருக்கு முன்னால் எழுத்து போடுவோம் என்று நான்தான் எப்போதோ டேலிடம் சொல்லியிருக்கிறேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. என்ன செய்ய முடியும்? நன்றி என்றேன். முதல் பெயர் தெரியவில்லை என்ற கல்லுக்குக் கீழே ஒரு வருடமாக அவள் கிடக்கிறாள். மச்சானிடம் இதை நான் சொல்லவேயில்லை. சொன்னால் அவர் தாங்க மாட்டார்.

6

ஜெரோமுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் என்னோடு பேசுவதெல்லாம் இங்கிலீஷில், அதுவும் டேல் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்து. நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். தாய் இருந்தவரை “அம்மா, சோறு”, “அம்மா, சும்மா இரு” என்று நாலு வார்த்தையாவது வரும். அவள் போனபிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த வார்த்தைகளெல்லாம் அவளோடு பேச மட்டும் வைத்திருந்தான் போல.

சனி ஞாயிறென்றால் டேலோடு வேட்டைக்குப் போய்விடுவான். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். “ஓகே, டாட்” என்றான், போனான்.

மச்சான் போன் செய்த அன்று சாயங்காலம் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். மாமா கூப்பிடுகிறார், ஜூனில் உன் பள்ளி முடிந்ததும் விருத்தாசலத்துக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன் என்றேன்.

தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, தான் இங்கேயே கல்லூரிக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னான். பக்கத்து ஊர், காரில் ஒரு மணி நேரம்.

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“சொன்னேன்” என்றான் இங்கிலீஷில். “நீ தலையாட்டினாய்.”

சொல்லியிருப்பான். நான் தலையாட்டியும் இருப்பேன்.

“சனிக்கிழம காலையில அம்மாவுக்குப் பூசை. அன்னிக்காவது போவாத.”

“வருவேன்” என்றான். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

7

சனிக்கிழமை நான் எழுந்தபோது அவன் கட்டில் காலி. எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த முதல் உணர்ச்சி அதுதான். பெத்தவளுடைய வருஷப் பூசையன்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறானே, இவன் என்ன ஜென்மம்? சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன்.

பூசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். சாமியார் அவள் பெயரைப் படிக்கத் திணறினார். நற்கருணைக்கு எழுந்தபோது பின்னால் ஈரமான காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஜெரோம், வேட்டை உடுப்பிலேயே, முட்டிவரைக்கும் சேறு, தலைமுடி நனைந்து, டேலுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். வருவேன் என்றான், வந்துவிட்டான். என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

முடிந்ததும் அவன் நேராகக் கல்லறைக்குப் போகிறேன் என்றான். பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நான் தனியாகக் கிளம்பினேன். உண்மையில், அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. இருபது வயது மதிக்கத்தக்க இரண்டு பையன்கள். நம்பர் பலகையைச் சுற்றி இருந்த, வண்டி விற்ற கடையின் பெயரைப் பார்த்தால் வேறு ஊர். எனக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. வண்டியின் பின்பக்கம் வாத்துகள் கிடந்தன. சீசனில் இங்கே யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நானும் கேட்டுவைத்தேன், வேட்டை எப்படி என்று.

“பெரிதாக ஒன்றுமில்லை சார். பச்சைத்தலை ரெண்டு. மிச்சமெல்லாம் லூ.”

பெட்ரோல் குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

“மிச்சமெல்லாம் என்ன?”

“லூ” என்று அவன் ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அகலமான அலகு, சேறு ஒட்டி. ஆப்பவாயன்.

“அதற்கு ஸ்பூன்பில் என்றல்லவா பெயர்?”

“டிவியில் அப்படிச் சொல்வார்கள். இந்தப் பக்கம் லூதான்.”

“ஏன் அந்தப் பெயர்?”

அவன் தோளைக் குலுக்கினான். “தெரியாது சார். என் அண்ணனும் அப்படித்தான் சொல்வான். எப்போதுமே அப்படித்தான்.”

எப்போதுமே என்றான். நாங்கள் இந்த ஊருக்கு வந்தே ஏழு வருடம்தான் ஆகிறது.

நான் சொல்லியிருக்கலாம். அது என் மனைவி பெயர் தம்பி, சேத்தியாத்தோப்பில் பிறந்தவள், மிஞ்சின வாத்தைத் தின்று வளர்ந்தவள் என்று. சொல்லவில்லை. அழுதேன் என்று எழுத எனக்கு ஆசைதான், அழவுமில்லை. காது கேட்காதவன் மாதிரி கையைக் காதருகே வைத்துக்கொண்டு, “மன்னிக்கணும், என்ன பெயர் சொன்னீர்கள்?” என்று மறுபடி கேட்டேன்.

“லூ!” என்று அவன் சத்தமாகச் சொன்னான். கிழவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து மற்றவனும் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “லூ! எல், ஓ, யூ!” என்று கத்தினான்.

நன்றி என்றேன். அவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

கல்லறையில் ஜெரோம் கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லைக் கையால் தட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

“அந்தச் சீட்டினால் வந்தது” என்றான். தட்டி மறைப்பில் உட்கார்ந்து சுடும்போதே கரண்டி அலகு விழுந்தால், ‘அது லூவுக்கு’ என்று தனியாக எடுத்து வைப்பார்களாம். அடுத்த வருடம் ‘அது லூவுடையது’ ஆனதாம். அப்புறம் வாத்தே லூ ஆகிவிட்டதாம். டேலின் தம்பி வேறு ஊரில் வேலைக்குப் போனான், அங்கேயும் பரவிவிட்டது. “உனக்குத் தெரியும் என்று நினைத்தேன் அப்பா. அவளுக்குத் தெரியும். ரொம்பச் சிரித்தாள்.”

‘டாட்’ என்று சொல்லாமல் அப்பா என்றான். அதை அவன் கவனிக்கவில்லை.

“இன்னிக்கி எதுக்குப் போன?”

“லூ சுடத்தான்” என்றான். பை காரில் இருந்தது. தோல் உரித்துவிடுவானாம், மஞ்சள் எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் நினைவில்லையாம். எனக்கும் தெரியாது.

அவன் கல்லில் இருந்த எழுத்தை விரலால் தடவினான். அந்த மூன்று எழுத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டான்.

“இருக்கட்டும்டா. டேல் ஆசையா செஞ்சது.”

“சரி.” அப்புறம், பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகச் சொன்னான்: “நீ போப்பா. மாமாகிட்ட போ. நான் இங்கதான இருக்கேன். அம்மாவ நான் பாத்துக்கறேன்.”

எத்தனையோ நாள் கழித்து ‘அம்மா’ என்ற வார்த்தையை அவன் வாயில் கேட்டேன். வண்டிச் சாவி கையிலிருந்து கீழே விழுந்தது. அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.

8

வீட்டுக்கு வந்து போன் கார்டைச் சுரண்டி மச்சானைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், தட்டுச் சத்தம் கேட்டது. கல்லில் உள்ள மூன்று எழுத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு வாத்துக்கு அவள் பெயர் வந்த கதையைச் சொன்னவுடன்தான் வாயைத் திறந்தார்.

“எந்த வாத்துன்ன?”

“ஆப்பவாயன் மச்சான்.”

தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார். “அடிப்பாவி! ஊசிவாலு இருக்குது, கிளுவ இருக்குது, போயும் போயும் அந்த மிஞ்சுன கழுதைக்கா ஒம் பேர வெச்சிட்டுப் போன!” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அவர் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. என்னுடையதும் அப்படித்தான். சமையலறையில் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி, வாய்விட்டு அழுதேன். இந்த முறை யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

“ஜூன்ல வரேன் மச்சான்” என்றேன், கொஞ்சம் அடங்கியதும். “சூளைக்கு வேற ஆளப் போடாதீங்க.”

“சரி மாப்ள.” மூக்கைச் சிந்திக்கொண்டார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. வாத்து வர்றது குளிருக்கு மட்டுந்தான? சீசன் முடிஞ்சி எல்லாம் பறந்து போயிடும். மத்த மாசத்துல அவ பேர யாரு சொல்லுவா?”

கொல்லைப்பக்கக் குழாயடியில் ஜெரோம் வாத்துக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“ஜெரோம் இருக்கறான் மச்சான்” என்றேன். “அவன் அம்மான்னு சொல்லுவான்.”